சந்தா கட்டாதே, வேறு ஒன்று செய்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, நான் பார்த்துக்கறேன்" என்று முடித்துவிடுவாய், அதனால்தான் எழுத்து. எனக்கும் அம்மாவுக்கும் ஒரு வருடச் சந்தா கட்டி ஏதோ படிப்புத் தளத்தில் சேர்த்துவிடப் போவதாகச் சொன்னாய் அல்லவா, அதைக் கட்டாதே. பணம் வீணாகிறதே என்பது மட்டும் காரணமில்லை. நல்ல பாடங்கள் இலவசமாகவே கொட்டிக் கிடக்கின்றன. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் வகுப்புப் பாடங்களை உலகத்துக்கே திறந்துவிடப் போவதாக 2001இலேயே அறிவித்துவிட்டது, ஓப்பன்கோர்ஸ்வேர் என்று தேடினால் பெயர், மின்னஞ்சல் எதுவும் கொடுக்காமலே பார்க்கலாம். கான் அகாடமியும் இலவசம்தான். எட்எக்ஸ் என்ற படிப்புத் தளத்தில் சான்றிதழ் வேண்டாம் என்றால் நிறையப் படிப்புகளைக் காசில்லாமல் படிக்கலாம். இந்த வயதில் சான்றிதழை யாரிடம் கொண்டுபோய் நீட்டப் போகிறேன்?

எங்களுக்குப் பாடத்துக்குப் பஞ்சமில்லை, கூடப் படிக்க ஆள்தான் இல்லாமல் இருந்தது. தனியாக உட்கார்ந்து வீடியோ பார்ப்பவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதற்குக் கணக்கே எடுத்திருக்கிறார்கள். எம்ஐடியும் ஹார்வர்டும் எட்எக்ஸில் நடத்திய படிப்புகளில் 2017-18இல் சேர்ந்தவர்களில் கடைசிவரை முடித்தவர்கள் 3 சதவீதம் சொச்சம். மிச்சப் பேரெல்லாம் சோம்பேறிகள் என்று நான் நினைக்கவில்லை. இன்றைக்கு வரவில்லையென்றால் "என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா?" என்று கேட்க ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு எத்தனை நாள்தான் போவது? வேலையில் இருந்தவரை அதைக் கேட்க ஆள் இருந்தது, திட்டுவதற்காகவாவது கேட்டார்கள்.

அதனால் நானே தேடி ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறேன். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் உடனே யார், என்ன, பாதுகாப்பா என்று ஆரம்பிப்பாய். இந்த மாதிரிக் குழுக்களின் மூலக்கதை சுவாரஸ்யமானது. 1973இல் பிரான்சின் துலூஸ் நகரத்தில் பியர் வெல்லாஸ் என்ற பேராசிரியர், ஓய்வு பெற்றவர்களுக்கென்று பல்கலைக்கழகக் கதவைத் திறந்துவிட்டார். 'மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்' என்று அதற்குப் பெயர். அங்கே பாடம் நடத்தியது பல்கலைக்கழகம். பத்து வருடத்துக்குள் பிரிட்டன்காரர்கள் அந்த யோசனையை எடுத்துத் தலைகீழாக்கிவிட்டார்கள். பேராசிரியரே வேண்டாம், வாழ்க்கை முழுக்க ஏதோ ஒரு வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லித்தர விஷயம் இருக்காதா, ஆளுக்கு ஒரு நாள் எடுப்போம், தேர்வும் வேண்டாம் பட்டமும் வேண்டாம் என்று. இப்போது அதே முறையில் வீடியோ அழைப்பிலேயே நடக்கும் குழுக்கள் நிறைய இருக்கின்றன. எங்களுடையது சின்னது, எல்லார் முகமும் ஒரே திரையில் அடங்கிவிடும். அதுதான் சரியான அளவு என்பது என் கட்சி. நூற்றுக்கணக்கானவர்களை மைக்கை அணைத்து உட்கார வைத்து ஒருவர் மட்டும் பேசும் கூட்டங்களுக்கும் போய்ப் பார்த்தேன், அதற்கு ரேடியோ கேட்டுக்கொண்டு படுத்திருக்கலாம்.

எங்கள் குழுவில் ரயில் ஓட்டுநராக இருந்த ஒருவர் சிக்னல் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார், பாதி நேரம் கேள்விதான், மனிதர் திணறிப் போனார். ஒரு செவிலியர் காயத்துக்குக் கட்டுப் போடுவதைத் தன் முழங்காலிலேயே போட்டுக் காட்டினார். ஜூமில் காசு கட்டாவிட்டால் 40 நிமிடத்தில் கூட்டம் அறுந்துவிடுமே, அது எங்களுக்கு இடைவேளை. எல்லாரும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்ப உள்ளே வருவார்கள், முதல் பாதியில் வாயே திறக்காதவர் இரண்டாம் பாதியில் பேசுவார்.

வெறும் அரட்டையாக இருந்தால் போதாதா என்று நீ கேட்கலாம். போதாது போலிருக்கிறது. டெக்சாஸில் டெனிஸ் பார்க் என்ற உளவியலாளர் 60 முதல் 90 வயது வரையுள்ள இருநூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார், 2014இல் வெளியானது. சிலருக்கு டிஜிட்டல் புகைப்படக் கலை, சிலருக்குத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைக்கும் வேலை, சிலருக்கு இரண்டும் என்று வாரத்துக்கு 15 மணி நேரம் மூன்று மாதம் கற்றுக்கொடுத்தார்கள். இன்னொரு கூட்டம் அதே அளவு நேரம் கூடிப் பேசிச் சிரித்து, சேர்ந்து வெளியே போய்வந்தது. நினைவாற்றல் கூடியது புதிதாக ஒன்றைக் கற்கத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்குத்தான், அதிலும் புகைப்படம் கற்றவர்களுக்கு. அது நேரில் நடந்த வகுப்பு, இணையத்தில் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கொஞ்சம் கஷ்டமாக இருக்கவேண்டும் என்பது எங்கே உட்கார்ந்து படித்தாலும் பொருந்தும்தானே.

அம்மா விஷயம் வேறு. காது சரியாகக் கேட்காததால் நாலு பேர் கூடும் இடத்துக்கே அவள் போவதை விட்டுவிட்டது உனக்குத் தெரியும். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், அவள் சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவாள். வீடியோ அழைப்பில் ஒருவர் பேசும்போது மற்றவர் பேசினால் யாருக்குமே கேட்காது என்பதால் வேறு வழியில்லாமல் எல்லாருக்கும் ஒழுங்கு வந்துவிடுகிறது. பேசுவதை எழுத்தாகக் கீழே ஓடவிடும் வசதியும் இருக்கிறது. தப்பும் தவறுமாகத்தான் வரும், ஆனால் உதட்டையும் எழுத்தையும் சேர்த்துப் பார்த்து அவள் பிடித்துக்கொள்கிறாள். இது எனக்கே தோன்றாத பலன். யூடியூபில் வேகத்தை 0.75 என்று குறைத்து வைக்கவும் அவளே கண்டுபிடித்தாள். அப்புறம் லிசெஸ் என்று ஒரு சதுரங்கத் தளம், 2010இல் பிரான்சில் ஒரு நிரலாளர் தொடங்கியது, விளம்பரமும் இல்லை கட்டணமும் இல்லை. அதில் ஒரு காயை நகர்த்த நாள்கணக்கில் அவகாசம் வைத்துக்கொள்ளலாம். முகம் தெரியாத யாரோ ஒருவருடன் ஆடிக்கொண்டிருக்கிறாள், நடு ராத்திரியில் எழுந்து "குதிரையை வைத்திருக்கக் கூடாது" என்கிறாள்.

நான் தனியாகச் செய்வது ஒன்றுதான், பழைய புத்தகங்களை எழுத்தாக்கி இலவசமாக வைக்கும் விக்கிமூலம் தளத்தில் மெய்ப்பு பார்ப்பது, அதாவது பிழை திருத்துவது. ஒரு பக்கம் பழைய புத்தகத்தின் படம், இன்னொரு பக்கம் இயந்திரம் படித்து எழுதிய எழுத்து, அதில் ஒற்று போயிருக்கும், ர வந்த இடத்தில் கால் இருக்கும். திருத்திச் சேமித்தால் அந்தப் பக்கம் மஞ்சளாகிவிடும், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. நான் மஞ்சளாக்கியதை யாரோ ஒருவர் தொடர்ந்து வந்து பச்சையாக்குகிறார். யார் என்று தெரியாது, ஆனால் வேலை சுத்தம். நான் கோட்டைவிட்ட ஒரு ஒற்றெழுத்தை அவர் விடவே மாட்டார்.

வாட்ஸப் இருக்கிறதே என்பாய். நம் குடும்பக் குழு பேருந்து நிலையம் மாதிரி, எல்லாரும் கத்துகிறார்கள், யாரும் யாரிடமும் பேசுவதில்லை. அதில் நான் காலை வணக்கப் படம் அனுப்பாததற்குக் கோபப்பட்டவர்களிடம் நீயே சமாதானம் சொல்லிவிடு.

மோசடிக்காரர்களைப் பற்றி வகுப்பு எடுக்க வேண்டாம். வாட்ஸப்பில் இரண்டடுக்குப் பூட்டுக்கு ஆறு எண் போட்டாகிவிட்டது, தெரியாதவர்கள் குழுவில் இழுத்துவிட முடியாதபடி மாற்றியும் வைத்திருக்கிறேன். ஓடிபி கேட்பவனுக்கும், திரையைப் பகிரச் சொல்பவனுக்கும், பழகிக் கொஞ்ச நாளிலேயே பணக்கஷ்டம் சொல்பவனுக்கும் ஒரே பதில்தான், இணைப்பைத் துண்டிப்பது.

உன்னால் ஆகவேண்டியது வேறு. நீ வரும்போது ஃபோனைப் பிடுங்கி டக் டக்கென்று நீயே செய்துவிட்டுத் திருப்பித் தராதே, ஒன்றும் நிற்பதில்லை. பக்கத்தில் உட்கார், விரல் என்னுடையதாக இருக்கட்டும், தப்பாகத் தொட்டால் தொடட்டும். சந்தாப் பணத்தில் அம்மாவுக்குக் காதை முழுக்க மூடுகிற நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வாங்கு. வாரம் ஒரு தரம் அரை மணி நேரம், எனக்கு வேண்டாம், அம்மாவுடன் சதுரங்கம் ஆடு. நீ தோற்பாய், பரவாயில்லை.

வரும் வியாழக்கிழமை சாயங்காலம் என் முறை. நாட்காட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன், 1582இல் அக்டோபர் 4ஆம் தேதிக்கு மறுநாளே 15 என்று எப்படி வந்தது, 1900 ஏன் லீப் வருடம் இல்லை, 2000 மட்டும் எப்படி லீப் வருடம் ஆனது என்று. அந்த ரயில் ஓட்டுநர் பழி வாங்கக் காத்திருக்கிறார், அதனால் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் எனக்குக் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். அவசரமென்றால் அம்மாவைக் கூப்பிடு. யானையைக் காப்பாற்றிக்கொண்டிருப்பாள், இருந்தாலும் உன் பெயரைப் பார்த்தால் எடுத்துவிடுவாள்.

அன்புடன்,
அப்பா