காய்ந்த விறகா, கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கேஸ் பில்லுக்குப் பயந்து, கிழக்கு லண்டனில் உள்ள எங்கள் வீட்டு ஹாலில் குளிருக்குச் சூடேற்ற விறகடுப்பு வைத்தோம். லண்டனின் பெரும்பகுதி புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி. விறகு எரிக்க அனுமதி பெற்ற அடுப்பு வேண்டும். அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். கோட்டை விட்டது விறகில். ‘நன்றாகக் காய்ந்தது’ என்று தந்த கட்டையைப் பிளந்து, ஈரம் பார்க்கும் கருவியின் ஊசிகளை உள்பக்கம் குத்தினால் 31 சதவீத ஈரம் காட்டியது. 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்! நுனியில் உஸ்ஸென்று நுரை தள்ளியது. கண்ணாடிக் கதவு ஒரே இரவில் கறுத்தது. ஊரில் அம்மா இரண்டு கட்டைகளைத் தட்டி, ‘டங்’கென்று கேட்டால்தான் அடுப்பில் வைப்பார். கருவியே தேவைப்படவில்லை. கதவைத் திறந்தாலே புகைத்துகள் அறைக்குள் வருகிறது, பையனுக்கோ வீசிங். இப்போது ஹீட்டருக்கே திரும்பிவிட்டோம்.

– ஒரு வாசகர், லண்டன்