தாடியஸ் ஸ்டீவன்ஸ் வாசிப்பு ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர் பெருமக்களே,

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, நமது வாசக வட்டத்தின் இவ்வாண்டு மாதக் கூட்டங்கள் அனைத்தும் அமெரிக்க வழக்கறிஞரும் பென்சில்வேனியா மாநிலச் சட்டமன்ற உறுப்பினருமான தாடியஸ் ஸ்டீவன்ஸின் (1792–1868) வாழ்வைப் பயிலவே ஒதுக்கப்பட்டன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

வெர்மான்ட் மாநிலத்தின் டான்வில் ஊரில் வளைந்த பாதத்துடன் பிறந்த அவரை, கணவர் கைவிட்டுப் போன பின்னர், தாயார் பள்ளி வசதிக்காகவே பீச்சம் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்து படிக்க வைத்தார். டார்ட்மத் கல்லூரியில் தேறிய ஸ்டீவன்ஸ் 1816இல் கெட்டிஸ்பர்க்கில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார்.

கூட்டங்களில் மிகுந்த நேரத்தை எடுத்துக்கொண்டது 1821ஆம் ஆண்டு வழக்கு. சாரிட்டி பட்லர் என்னும் அடிமைப் பெண், பென்சில்வேனியாவில் தாம் தங்க நேர்ந்த காலம் மொத்தத்தில் ஆறு மாதத்தைத் தாண்டியதால் சட்டப்படி விடுதலை பெற்றுவிட்டதாக வழக்காடினார். எதிர்த்தரப்பில் நின்றவர் ஸ்டீவன்ஸ். விட்டுவிட்டுத் தங்கிய நாள்களைக் கூட்டிக் கணக்கிடலாகாது, ஆறு மாதமும் தொடர்ச்சியாக இருந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பாகி, அப்பெண்ணும் அவர் பிள்ளைகளும் அடிமைகளாகவே நீடித்தனர். கட்சிக்காரருக்காக வாதாடுவது தொழில் தர்மம் என்றனர் சில உறுப்பினர்கள். அவரது பிற்கால அடிமைமுறை எதிர்ப்பை முன்வைத்து இதை வரவில் கழித்துவிட இயலாது என்பது அடியேனின் கருத்து.

1833இல் சட்டமன்றத்துக்குத் தேர்வான அவர், மறு ஆண்டு இயற்றப்பட்ட இலவசப் பள்ளிச் சட்டத்துக்கு மக்களிடையே வரியெதிர்ப்பு மூண்டு, மேலவை அதனை நீக்க வாக்களித்துவிட்ட நிலையில், 1835 ஏப்ரல் 11 அன்று எழுந்து பேசினார். குற்றவாளியைச் சிறையில் வைத்துப் பராமரிக்க முணுமுணுக்காமல் வரி கட்டுகிறவர், ஒருவன் குற்றவாளியாகாமல் தடுக்கும் பள்ளிக்குக் கட்ட மட்டும் ஏன் கூக்குரலிடுகிறார் என்பது அவர் கேள்வி. அச்சட்டத்துக்குத் துணைநின்ற ஆளுநர் ஜார்ஜ் வுல்ஃப், ஸ்டீவன்ஸின் கட்சி எதிர்த்துவந்த ஃபிரீமேசன் என்னும் இரகசியச் சகோதரச் சங்கத்தைச் சேர்ந்தவர் என்பதையும் பொருட்படுத்தாமல் ஸ்டீவன்ஸ் அவரைப் பாராட்டியே பேசினார். சட்டம் பிழைத்தது.

கறுப்பின ஆண்களின் வாக்குரிமையைப் பறித்த 1838ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பில், அதை வரைந்த மாநாட்டின் உறுப்பினராக இருந்தும் அவர் கையெழுத்திட மறுத்தார். பின்னாளைய நாடாளுமன்றப் பணிகளை நேரக் குறைவால் மேலோட்டமாகவே தொட்டோம்.

இறுதிக் கூட்டத்தில் லங்காஸ்டரிலுள்ள அவரது கல்லறை வாசகத்தை வாசித்தோம். தனிமையை விரும்பி இங்கே உறங்கவில்லை, மற்ற இடுகாடுகள் இனம் பார்த்தே இடம் தருவதால் இதைத் தேர்ந்தேன் என்பது அதன் சாரம். அடுத்த விவாதத்தைத் தொடங்க அன்று எவரும் முன்வரவில்லை.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்