ஸ்தோத்திரப் பண்டிகைக் கோழிகளுக்கு ஒரு பஞ்சாரம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். விளைச்சலுக்கு நன்றி சொல்லிக் காணிக்கை படைக்கும் ஸ்தோத்திரப் பண்டிகையின் ஏலத்தில் கோழிகளையும் ஆடுகளையும் நடத்தும் விதம் பற்றி முந்தைய இதழில் ஒரு சகோதரி நாலு வரி எழுதியிருந்தார். அதற்கு வந்திருக்கும் மறுப்பை இந்த இதழில் படித்தேன். ‘தேவன் மாடுகளுக்காகவே கவலையாயிருக்கிறாரோ?’ என்று வேதாகமத்தில் அப்போஸ்தலனாகிய பவுலே கேட்டுவிட்டார், பிறகு கோழிக்கு எதற்கு இத்தனை கரிசனம் என்கிறார் மறுப்பு எழுதியவர். இதெல்லாம் வெளியிலிருந்து வந்த பிராணிநலப் பேச்சு, சபைக்குள் இழுத்துவர வேண்டாம் என்றும் முடித்திருக்கிறார்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், சந்தேகம் வேண்டாம். நான் கறி தின்கிறவன். அசனம் என்னும் சபை விருந்துக்கு முதல் பந்தியிலேயே இலை பிடிக்கிற ஆள். கால்நடைப் பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே கோழியைக் கொல்லக் கூடாது என்று இங்கே வாதாட வரவில்லை. கொல்லுமுன் அதை என்ன பாடு படுத்துகிறோம் என்பதுதான் கேள்வி.

நம் பக்கத்துச் சபைகளில் ஏலம் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆராதனை முடிந்ததும் வாழைத்தார், பூசணி, தேங்காய், முட்டை என்று காணிக்கை வந்ததெல்லாம் ஏலத்துக்கு வரும். சாதாரணப் பூசணிக்காய் ஆயிரம் ரூபாய்க்குப் போகும். ஏலம் எடுத்தவர் பெரும்பாலும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. ‘திரும்ப ஏலத்துக்கே விடுங்க’ என்பார். கைதட்டல். மறுபடி ஏலம். பூசணிக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. கோழிக்கு உண்டு. இரண்டு காலையும் வாழைநாரால் கட்டி, தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, மைக்கில் ‘ஆயிரத்து இருநூறு ஒரு தரம்’ என்று ஆரம்பித்தால், அதே கோழி நாலைந்து கை மாறும்வரை அப்படியேதான் தொங்கும். கடந்த பண்டிகையில் ஒரு கறுப்பு நாட்டுக்கோழியைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் இறக்கையை அடித்தது. பிறகு அதுவும் இல்லை. அலகு திறந்தபடி, நாக்கு வெளியே தெரிய, கொண்டையின் நிறம் கறுக்க ஆரம்பித்திருந்தது. ‘பாருங்க, எவ்வளவு சாதுவா இருக்கு!’ என்று ஏலம் விட்டவர் சொன்னதும் கூட்டம் சிரித்தது.

அது சாது இல்லை ஐயா, மூச்சுத் திணறல். கோழிக்கு நம்மைப் போல நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிடையாது. தலைகீழாகத் தொங்கவிட்டால் குடலும் ஈரலும் சரிந்து நுரையீரலையும் காற்றுப்பைகளையும் அழுத்தும். கோழிக்கு வியர்வைச் சுரப்பியும் இல்லை. அலகைத் திறந்து இரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்க வேண்டும். வெயிலில், தலைகீழாக, அந்த இரைப்புக்கும் வழியில்லை. ஆடுகள் கதை வேறு. காலையிலேயே வேப்பமரத்தில் ஒரு முழக் கயிற்றில் கட்டியிருப்பார்கள், நிழல் நகர்ந்துபோகும், ஆடு நகர முடியாது. தண்ணீர் காட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாது.

இப்போது வசனத்துக்கு வருவோம். கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் பேசுவது ஊழியக்காரருக்குரிய பிழைப்பைப் பற்றி. அதற்கு அவர் எடுக்கும் ஆதாரம் உபாகமத்தின் ‘போரடிக்கிற மாட்டை வாய் கட்டாயாக’ என்ற கட்டளை. உழைக்கிற மாடே களத்துத் தானியத்தைத் தின்னலாம் என்றால், சுவிசேஷத்துக்கு உழைக்கிறவனுக்கு இல்லையா என்பது அவர் வாதம். மாட்டுக்கு அந்த உரிமை இல்லையென்று ஆக்கிவிட்டால் பவுலின் வாதத்துக்கு அடியில் நிற்க மண் இருக்காது. மறுப்பு எழுதியவர் அஸ்திபாரத்தைப் பெயர்த்துவிட்டு மாடியில் குடியிருக்கப் பார்க்கிறார்.

அந்த ஒரு வசனத்தோடு வேதாகமம் நின்றுவிடவும் இல்லை. பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்துகிடந்தாலும் உதவிசெய்யச் சொல்கிறது யாத்திராகமம். ஓய்வுநாள் மாட்டுக்கும் கழுதைக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. தாயையும் குட்டியையும் ஒரே நாளில் அறுக்கக் கூடாது என்கிறது லேவியராகமம், அதுவும் 22-ஆம் அதிகாரத்தில், பலி செலுத்தும் முறையைச் சொல்லுகிற இடத்திலேயே. நான் சொல்ல வருவதற்கு இதைவிடப் பொருத்தமான வசனம் வேண்டியதில்லை: அறுக்க அனுமதி உண்டு, அறுப்பதற்கு வரம்பும் உண்டு. ‘நீதிமான் தன் மிருகஜீவனைக் காப்பாற்றுகிறான்’ என்பதை ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்யாத பிள்ளை உண்டா? எருசலேமைப் பார்த்து அழுத ஆண்டவர் தம்மைச் சிங்கத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளவில்லை. ‘கோழி தன் குஞ்சுகளைத் தன் சிறகுகளின்கீழே கூட்டிச் சேர்த்துக்கொள்ளும்வண்ணமாக’ என்றார். அவர் தமக்கு உவமையாக எடுத்த பறவையை, அவர் ஆலய வளாகத்திலேயே காலைக் கட்டித் தொங்கவிடுகிறோம்.

வெளியிலிருந்து வந்த பேச்சு என்பதற்கும் பதில் உண்டு. பிராணிவதைத் தடுப்புச் சங்கம் என்ற ஒன்றை 1824 ஜூன் 16 அன்று லண்டனில் ஒரு காப்பிக் கடையில் கூடித் தொடங்கியவர்களில் முன்னின்றவர் ஆர்தர் ப்ரூம் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர். அடிமை வியாபாரத்துக்கு எதிராகப் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் அந்தக் கூட்டத்தில் இருந்தார். கால்நடைகளைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கிய சட்டத்தை 1822-இல் பார்லிமெண்டில் நிறைவேற்றிய ரிச்சர்ட் மார்ட்டினும் இருந்தார். ப்ரூம் சபை உத்தியோகத்தை விட்டுவிட்டு முழுநேரமும் இதிலேயே இறங்கினார். சங்கம் பட்ட கடனுக்காக 1826-இல் கடன்காரர் சிறைக்குப் போனார். நம் சரித்திரத்தில் வெட்கப்பட வேண்டிய பக்கமும் இதில் உண்டு, அதையும் மறைக்க வேண்டாம். அவருக்குப் பின் செயலாளராக இருந்து சங்கத்தைக் காப்பாற்றியவர் லூயிஸ் கோம்பர்ட்ஸ் என்ற யூதர். இது கிறிஸ்தவர்களின் சங்கம் என்று தீர்மானம் போட்டு, கடைசியில் அவரை வெளியேறும்படி செய்தார்கள். பிராணிக்கு இரக்கம் காட்டவென்று ஒன்றுகூடியவர்கள் பக்கத்தில் இருந்த மனுஷனுக்குக் காட்டவில்லை.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1781-லேயே ரோமர் 8-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, சிருஷ்டியின் மீட்பில் மிருகங்களுக்கும் பங்குண்டு என்று பிரசங்கித்தார். 1947-இல் ஒன்றுசேர்ந்த நம் தென்னிந்தியத் திருச்சபையில் ஆங்கிலிக்கரும் உண்டு, மெதடிஸ்டும் உண்டு. ப்ரூமும் வெஸ்லியும் நமக்கு அந்நியர் என்றால் வேறு யார் சொந்தம்?

கத்தோலிக்கச் சகோதரர்களிடம் இது இன்னும் பளிச்சென்று எழுத்திலேயே இருக்கிறது. மிருகங்களைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு விரோதம் என்கிறது அவர்கள் மறைக்கல்வி ஏடு. அதே ஏடு உணவுக்காகவும் உடைக்காகவும் அவற்றைப் பயன்படுத்தலாம் என்றும் சொல்கிறது. மாட்டுப் பொங்கலை ஒட்டி, ஜனவரி 17-இல் வரும் வனத்து அந்தோணியார் திருநாளில் ஆடுமாடுகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. நாம் தீர்த்தம் தெளிக்கத் தேவையில்லை. குடிக்கத் தண்ணீர் வைத்தால் போதும்.

சட்டமும் சும்மா இல்லை. நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விடாமல் பேசிப் பேசி வந்ததுதான் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். வேதனை தரும் விதத்தில் ஒரு பிராணியைத் தூக்கிச் செல்வதே அதன் 11-ஆவது பிரிவின்படி குற்றம். பைக் ஹேண்டிலில் கோழிகளைத் தொங்கவிட்டு ஆராதனைக்கு வருகிறவர்கள் யோசித்துக்கொள்ளட்டும்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. கோழியைக் கொண்டுவருகிறவர்கள் பஞ்சாரம் என்கிற கோழிக்கூடையிலோ காற்றுப் புகும் வேறு கூடையிலோ கொண்டுவரட்டும். கோழிகள் நிழலில் அதற்குள்ளேயே இருக்க, ஒரு நம்பர் சீட்டைத் தூக்கிக் காட்டி ஏலம் விடலாம். சீட்டு பத்துக் கை மாறினாலும் கோழிக்கு வலிக்காது, சபைக்கு வரும் தொகையும் குறையாது. உயிருள்ளவற்றை வெயில் ஏறுமுன் முதலில் ஏலம் விட்டுவிட்டுப் பூசணிக்குப் போகலாம். ஆட்டுக்குக் கயிற்றை நீளமாக விட்டு, பக்கத்தில் ஒரு சட்டித் தண்ணீர். அசனத்துக்கு அறுக்கும்போது மற்ற ஆடுகளின் கண்முன்னே அறுக்க வேண்டாம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிற இடத்திலும் வேண்டாம். இதற்குச் சேகரத்தின் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளின்) குருவானவர் ஒரு ஞாயிறு அறிவிப்பில் இரண்டு வாக்கியம் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதி ஏலம் விடுகிறவர் கையில் இருக்கிறது. அவரை மாற்றுவதுதான் கஷ்டம், கோழியைத் தூக்கி ஆட்டினால்தான் ஏலம் களைகட்டும் என்று நம்புகிறார்.

சகோதரியின் குறிப்பை வெளியிட்டதற்கு நன்றி. ஏற்கெனவே இப்படிச் செய்துவரும் சேகரங்கள் இருக்கக்கூடும். அவர்கள் என்ன ஏற்பாடு செய்தார்கள், பஞ்சாரங்களை யாரிடம் வாங்கினார்கள், வசூல் எப்படியிருந்தது என்று எழுதினால், அடுத்த பண்டிகைகள் தொடங்குமுன் உங்கள் இதழில் போட வேண்டுகிறேன். எங்கள் கமிட்டியில் காட்ட எனக்கு அது உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்