வேகப் படகு வாங்கிய மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலம் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய படங்களை நானும் உன் அம்மாவும் பார்த்தோம். 18 அடி நீளப் படகு, பின்பலகைக்கு வெளியே மாட்டிய 150 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின், தூண்டில் வீச வசதியாக முன்பக்கத்தில் அகலமான தளம், நல்ல படகுதான். மணிக்கு 90 கிலோமீட்டர் வரை போகும் என்று நீ எழுதியிருந்த வரியை மட்டும் அம்மா மறுபடியும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். வாங்க வேண்டாம் என்று சொல்லும் கட்டம் கடந்துவிட்டது என்பதால், அவுட்போர்டு இன்ஜின்களைப் பழுதுபார்த்தே உன்னை வளர்த்தவன் என்ற உரிமையில், அதை எப்படி ஓட்ட வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் கில் சுவிட்சின் கயிறு. ஸ்டீயரிங்கின் அருகே சிவப்பு நிறத்தில் சுருளாகத் தொங்குகிறதே, அதுதான். ஒரு முனை சுவிட்சிலும் மறுமுனை உன் உடம்பிலும் இருந்தால், நீ இருக்கையை விட்டுத் தூக்கி எறியப்படும் நொடியில் இன்ஜின் அணைந்துவிடும். அது இல்லையென்றால் நடப்பது என்ன தெரியுமா? ஸ்டீயரிங்கைப் பிடிக்க ஆள் இல்லாத படகு நேராகப் போய்த் தொலைந்துவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் புரொப்பெல்லர் சுழலும் விசை இன்ஜினை ஒரு பக்கமாகத் திருப்பிவிடுவதால், படகு பெரும்பாலும் வட்டமடிக்கத் தொடங்கி, விழுந்தவர் மிதக்கும் இடத்துக்கே திரும்பி வரும். முழு வேகத்தில் புரொப்பெல்லர் நிமிடத்துக்குச் சுமார் 3000 சுற்று சுற்றும். மூன்று தகடுகள் என்றால் ஒரு நொடிக்கு 150 வெட்டு. நீந்தி விலகிவிடலாம் என்று நினைப்பதற்கு அங்கே நேரமே இல்லை.

பழுதுக்கு வந்த படகுகளில் அந்தக் கயிறு பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் பெட்டிக்குள் கிடந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சிலர் இன்னும் கெட்டிக்காரர்கள். கயிறு தொல்லையாக இருக்கிறது என்று, சுவிட்ச் விலகாமலிருக்க அதனடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகி வைத்திருப்பார்கள். நீ அப்படிச் செய்ய மாட்டாய் என்று தெரியும். ஆனால் கயிற்றை எங்கே மாட்டுகிறாய் என்பதும் முக்கியம். சட்டைப் பொத்தானிலோ கால்சட்டைப் பையின் ஓரத்திலோ மாட்டினால் துணி கிழியுமே தவிர சுவிட்ச் விலகாது. லைஃப் ஜாக்கெட்டின் கெட்டியான பட்டையில் உள்ள வளையத்தில் மாட்டு. சாவியைத் திருப்புவதற்கு முன் மாட்டிவிடும் பழக்கம் வந்துவிட்டால் பிறகு யோசிக்க வேண்டியதே இல்லை. அவ்வப்போது, இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது கயிற்றை இழுத்து, உடனே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்; உப்பும் ஈரமும் அந்தச் சுவிட்சையும் விட்டுவைப்பதில்லை. இன்னொன்று, பலரும் மறந்துவிடுவது: நீ கயிற்றோடு தண்ணீரில் விழுந்துவிட்டால், படகில் இருக்கும் மாப்பிள்ளை இன்ஜினைக் கிளப்பி உன்னிடம் வர என்ன செய்வார்? ஓர் உதிரிக் கயிறு படகிலேயே, அவருக்குத் தெரிந்த இடத்தில் இருக்க வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைத்திருப்பது வைத்திருக்காததற்குச் சமம். வேகமாகப் போகும் படகிலிருந்து விழுபவருக்கு அதை எடுத்துப் போட்டுக்கொள்ள அவகாசம் கிடைக்காது. தண்ணீரில் மோதும் அடியிலேயே சில வேளை நினைவு தப்பிவிடும். காற்று நிரம்பி உப்பும் வகை ஜாக்கெட் மெதுவாகப் போகும்போது சௌகரியமானது. வேகத்துக்கு நுரை வைத்த, உடம்போடு ஒட்டி இறுக்கிக் கட்டும் ஜாக்கெட்தான் சரி. தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தால் அது காது வரை ஏறக் கூடாது. தண்ணீரின் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால், நன்றாக நீந்துபவர்களுக்கும் விழுந்த முதல் நிமிடம் மூச்சு தன் வசத்தில் இருக்காது. அதற்குப் பிறகு கை விரல்கள் சொன்னபடி கேட்பது ஏறக்குறைய பத்து நிமிடம்தான். நீ பள்ளியில் நீச்சலில் வாங்கிய பரிசுகளை நினைத்து இந்த இடத்தில் அலட்சியமாக இருந்துவிடாதே.

இனி வேகத்துக்கு வருகிறேன். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 25 மீட்டர். எதிரே மிதக்கும் ஒரு மரக்கட்டையைக் கண்டு, அது என்ன என்று புரிந்து, கை அசைவதற்குள் இரண்டு நொடி போனால் 50 மீட்டர் போய்விட்டது. படகுக்கு பிரேக் கிடையாது. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதை நீ என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறாய். ஆனால் பாடத்தில் வராத ஒன்று உண்டு. பயத்தில் திராட்டிலை, அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியை, ஒரேயடியாக மூடினால் இரண்டு கேடு வரும். அவுட்போர்டு படகு திரும்புவது பெரும்பாலும் புரொப்பெல்லர் தள்ளும் விசையால்தான். அந்த விசை போனதும் ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் படகு அரைகுறையாகவே கேட்கும். அத்துடன், நீ எழுப்பிவிட்டு வந்த அலை பின்னாலிருந்து வந்து தாழ்வான பின்பலகையைத் தாண்டி உள்ளே ஏறும். ஆகவே வேகத்தைக் குறைப்பது எப்போதும் படிப்படியாக இருக்கட்டும். அதற்கு இடமில்லாத அளவுக்கு எதையும் நெருங்காதே.

இன்ஜினின் சாய்வை மாற்றும் ட்ரிம் பொத்தானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். விற்றவர் அதை ஒரு நிமிடத்தில் காட்டிவிட்டுப் போயிருப்பார். வேகப் படகின் பாதிக் குணம் அந்தப் பொத்தானில்தான் இருக்கிறது. இன்ஜினை முழுக்கப் படகை நோக்கி உள்ளே இழுத்து வைத்துக் கிளம்பினால் முன்முனை தாழ்ந்து, படகு சீக்கிரம் தண்ணீரின் மேலே எழுந்து வழுக்கத் தொடங்கும். எழுந்த பிறகு இன்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளினால் முன்முனை உயரும், தண்ணீரைத் தொடும் பரப்பு குறையும், வேகம் கூடும். இந்த இன்பத்தில் அளவு மீறினால் முன்முனை மேலும் கீழுமாகக் குதிக்கும். அதற்கும் மேலே போனால், படகு அடிப்பாகத்தின் நடுக்கோட்டில் மட்டும் நின்றுகொண்டு இடமும் வலமுமாகத் தள்ளாடத் தொடங்கும். அந்தத் தள்ளாட்டத்தை ஸ்டீயரிங்கால் அடக்கப் பார்க்கும் புதிய ஓட்டுநரின் கை ஒவ்வொரு முறையும் அரை நொடி தாமதமாகப் போவதால், ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று பெரிதாகி, கடைசியில் படகு ஆளைத் தூக்கி வெளியே போட்டுவிடும். தள்ளாட்டம் தெரிந்த உடனே ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி திராட்டிலை நிதானமாகக் குறைத்துவிடு. ஆட்டம் தானே அடங்கும். அதை அடக்கியபடி இன்னும் வேகமாகப் போகும் வித்தை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம், பார்த்துவிட்டுத் தனியாக முயலக் கூடாது.

இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் மோசமானது. முழு வேகத்தில் இன்ஜின் மிகவும் உள்ளே இழுக்கப்பட்டிருந்தால் முன்முனை தண்ணீரைக் கிழித்து ஊன்றிக்கொள்ளும். பின்பகுதி அந்த முனையைச் சுற்றிச் சரேலென்று திரும்பும். அந்த நொடியில் ஸ்டீயரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும், உட்கார்ந்திருப்பவர்கள் பக்கவாட்டில் பறப்பார்கள். இன்ஜினை வெளியே தள்ளி வைத்துக்கொண்டு கூர்மையாகத் திரும்பினாலோ புரொப்பெல்லர் காற்றை இழுத்துப் பிடியை விட்டு, பிறகு திடீரென்று பிடித்துக்கொண்டு படகை உதறும். எனவே வளைவில் வரிசை மாறக் கூடாது: முதலில் வேகத்தைக் குறை, பிறகு ட்ரிம்மைச் சற்று உள்ளே இழு, அதன் பிறகு திரும்பு, திரும்புமுன் உடன் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்.

மீன் உயிரோடு இருக்க வைக்கும் தொட்டியைத் திறந்து தண்ணீர் நிரப்பும்போது, நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ பின்பக்கம் ஏறுகிறது என்பதை நினைவில் வை. காலையில் காலித் தொட்டியோடு உனக்குப் பழகிய ட்ரிம் மாலையில் அப்படியே பொருந்தாது. ஓடும்போது முன் தளத்தில் உள்ள உயரமான நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது. அது நின்ற படகில் தூண்டில் போடுவதற்கு மட்டும். எத்தனை பேர், எவ்வளவு எடை என்று தயாரிப்பாளர் பதித்திருக்கும் தகட்டைப் படித்துவிட்டு, நண்பர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் அதற்கு மேல் ஏற்றாதே. தூண்டில் கழிகளைப் பட்டை போட்டுக் கட்டிவிடு. கொக்கிகளைப் பெட்டிக்குள் பூட்டிவிடு. முன்பக்கம் மடக்கி வைத்திருக்கும் மின்மோட்டாருக்கும் தனியாக ஒரு பட்டை வேண்டும். அலையில் குதிக்கும்போது அது கழன்று தண்ணீரில் இறங்கினால் என்னவாகும் என்று எழுத வேண்டியதில்லை.

மற்றப் படகுகளைப் பற்றி: 1972ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளை வாங்கிப் படித்துவிடு. நேருக்கு நேர் வந்தால் இருவருமே வலப்பக்கம் திரும்ப வேண்டும்; குறுக்கே வரும் படகு உன் வலப்பக்கத்தில் தெரிந்தால் விலக வேண்டியவள் நீ; முந்துபவர்தான் ஒதுங்கிப் போக வேண்டும். உங்கள் ஏரிக்கோ ஆற்றுக்கோ தனி வேக வரம்பு இருந்தால் அதையும் கேட்டுத் தெரிந்துகொள். ஆனால் எதிரே வருபவர் இவற்றைப் படித்திருக்கிறார் என்று ஒருபோதும் எண்ணாதே. பெரிய படகின் அலையைக் கடக்க நேர்ந்தால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, சற்றுச் சாய்வாக, முன்முனை தாழாமல் பார்த்துக் கடந்துவிடு.

மீன் கடிக்கும் நேரமோ விடியலும் அந்தியும். சூரியன் கண்ணுக்கு நேராக இருக்கும் நேரமும் அதுவே. அந்த வெளிச்சத்தில் தண்ணீரின் மேல் பாதி அமிழ்ந்த கட்டை தெரியாது. நல்ல மீன் கிடைக்கும் இடத்தை அடுத்தவர் பிடித்துவிடுவார் என்ற அவசரம்தான் ஓட்டுபவரை முழு வேகத்துக்குத் தள்ளுகிறது. போட்டிகளுக்குப் போனால் இது பல மடங்காகும். வரிசையில் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும் அந்த முதல் சில நிமிடங்களில் பின்தங்கிப் போவதால் மீன் குறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடி அணியாமல் அந்த வேகத்தில் கண் திறந்திருக்க முடியாது என்பதால் போலரைஸ்டு கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள். தண்ணீரில் பட்டு வரும் ஒளியின் கண்கூச்சம் குறைந்து ஆழமற்ற இடங்களும் ஓரளவு தெரியும். படகில் மது வேண்டாம் என்பதை உன்னிடம் சொல்லத் தேவையில்லை, உடன் வருபவர்களிடம் நீ சொல்ல வேண்டியிருக்கும். நாள் முழுவதும் வெயிலிலும் காற்றிலும் அதிர்விலும் இருந்த உடம்பு மது குடிக்காமலேயே மந்தமாகிவிடும் என்பதால், திரும்பி வரும் ஓட்டம் போன ஓட்டத்தைவிட மெதுவாக இருக்கட்டும்.

கடைசியாக, இந்த வாரமே செய்ய வேண்டிய ஒரு வேலை. படகு டிரெய்லரில் இருக்கும்போது, இன்ஜினை நேராக இறக்கி வைத்து, மாப்பிள்ளையைப் பின்னால் நின்று இன்ஜின் அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நீ ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெல்ல அசைத்துப் பார். இன்ஜின் அசையாமல் ஸ்டீயரிங் மட்டும் தாராளமாக ஆடினால், ஸ்டீயரிங்கின் அசைவை எண்ணெய் அழுத்தத்தால் இன்ஜினுக்குக் கடத்தும் ஹைட்ராலிக் குழாயில் காற்றோ, எங்காவது தளர்ந்த போல்ட்டோ இருக்கிறது. முன்பு எழுதிய அந்தத் தள்ளாட்டம் இந்தத் தளர்விலிருந்தும் பிறக்கும். எண்ணெய் கசிவு உண்டா, பின்பலகையில் இன்ஜினைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளும் இறுக்கமா, புரொப்பெல்லர் நட்டின் பூட்டு ஊசி இருக்கிறதா என்று கை வைத்தே பார். பார்த்ததை எனக்கு எழுது; சந்தேகமாக இருந்தால் வீடியோ எடுத்து அனுப்பு, அதைப் பார்க்கும் வரை படகைத் தண்ணீரில் இறக்காதே.

ஒவ்வொரு முறை புறப்படும்போதும் எங்கே இறங்குகிறீர்கள், எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குக் கரையேறுவீர்கள் என்று உன் அம்மாவுக்கு ஒரு குறுஞ்செய்தி போடு. சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் ஆனால் உங்கள் ஊர் மீட்புப் படையை அழைக்கும்படி அவளிடம் சொல்லியிருக்கிறேன். அந்த எண்ணையும் அவளுக்கு அனுப்பிவிடு. அவள் அழைத்தே விடுவாள் என்பது உனக்குத் தெரியும், ஆகையால் தாமதமானால் முன்கூட்டியே சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா