இழுத்து ஸ்டார்ட் பண்ணாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல பழைய டிராக்டரை எடுத்து ஓட வைக்கிறதப் பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. படிக்க நல்லா இருந்துச்சு, போட்டோவும் அருமை, அந்த சிவப்பு பானெட்டும் சாம்பல் கலர் இன்ஜினும் பாத்ததும் எங்க அப்பா ஞாபகம் வந்து ரெண்டு நிமிஷம் பேப்பரை அப்படியே மடியில வெச்சிட்டேன். ஆனா அதுல ஒரு வரி இருந்துச்சு, ரொம்ப நாள் நின்ன வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா இன்னொரு டிராக்டர்ல கட்டி இழுத்து கியர்ல விட்டா போதும், தானா விட்டுக்கொடுத்துடும்னு. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர். ஜாம் ஆன, அதாவது உள்ள பிஸ்டன் ஒட்டிக்கிட்டு சுத்தாம நிக்கிற இன்ஜின் தானா ஒண்ணும் விட்டுக்கொடுக்காது சார், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடுதான் வளையும். எப்படி தெரியும்னு கேட்டா, நானே வளைச்சிருக்கேன்.

எங்களுது மாஸ்ஸி ஃபெர்குசன் 35, மூணு சிலிண்டர் பெர்கின்ஸ். அப்பா போனதுக்கப்புறம் யாரும் தொடல, ஷெட்டுல பாதி உள்ள பாதி வெளியன்னு நின்னுச்சு. அந்த வெளிய நின்ன பாதியிலதான் சைலன்சர் இருந்துச்சு, அதுதான் வினையே. மேல பாத்து நிக்கிற சைலன்சர்ல மழை நேரா உள்ள இறங்கும். இன்ஜின் எந்த நிலைமைல நின்னாலும் ஏதாவது ஒரு சிலிண்டர்ல எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் திறந்தே இருக்க வாய்ப்பு அதிகம், தண்ணி அது வழியா உள்ள போயி பிஸ்டன் மேல தேங்கி, பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரான லைனரையும் துருவால ஒட்ட வெச்சிடும். மத்த ரெண்டு சிலிண்டரும் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கும், ஒண்ணே ஒண்ணு பிடிச்சிருக்கும், ஆனா அந்த ஒண்ணு போதும் மூணு பிஸ்டனும் சேந்து சுத்துற மொத்த கிராங்கும் அசையாம நிக்க.

யாரோ சொன்னாங்கன்னு சிலிண்டருக்குள்ள டீசல் பீச்சுற இன்ஜெக்டரை கழட்டி அந்த ஓட்டை வழியா ஆயில் ஊத்தினோம். அது சரியான வேலைதான். ஆனா ரெண்டே நாள்ல பொறுமை போயி, இன்ஜெக்டரை திரும்ப மாட்டி, மச்சான் அவர் டிராக்டரை கொண்டு வந்து செயின் போட்டு இழுத்தார், நான் மேல உக்காந்து டாப் கியர்ல கிளட்சை விட்டேன். மொதல்ல பின் டயர் சுத்தாம மண்ணை உழுதுகிட்டே வந்துச்சு, அப்புறம் "டொக்"குனு ஒரு சத்தம், சக்கரம் சுத்த ஆரம்பிச்சிடுச்சு, எங்களுக்கு ஒரே குஷி, கொஞ்ச தூரத்துல புகை கக்கி ஸ்டார்ட்டும் ஆயிடுச்சு. ஆனா உள்ள யாரோ சுத்தியால தட்டுற மாதிரி ஒரு தட்டல். அணைச்சிட்டு சிலிண்டருக்கு மூடியா இருக்கிற ஹெட்டை இறக்கி கிராங்கை சுத்திப் பாத்தா, ரெண்டு பிஸ்டன் அதுஅது முறை வர்றப்ப பிளாக் மட்டம் வரைக்கும் வந்து நிக்குது, மூணாவது மட்டும் ஒரு நகக்கண் அளவு கீழயே நின்னுடுது. விரலை வெச்சு தடவினா அந்தப் படி தெரியும். ஊத்தின ஆயில் கீழ வடியாம அந்த சிலிண்டர்லயே நின்னுருக்கு, காத்தை அமுக்கலாம், ஆயிலை அமுக்க முடியாது, போக வழி இல்லாததால ராடு வளைஞ்சிடுச்சு. போதாததுக்கு வால்வு ரெண்டு அது ஏறி இறங்குற கைடுல ஒட்டிக்கிட்டு இருந்ததால அதை தள்ளுற புஷ்ராடு ரெண்டும் வில்லு மாதிரி ஆயிடுச்சு. அந்த "டொக்" சத்தத்தைதான் நாங்க இன்ஜின் விட்டுக்கொடுத்த சத்தம்னு நெனச்சு கை தட்டினோம்.

அப்புறம் பார்ட்ஸுக்குன்னு இன்னொரு 35 வாங்கினேன், அதுவும் ஜாம். இந்த தடவை ஒரு வயசான மெக்கானிக் அய்யா வந்து பாத்து, "செயினை கொண்டு போயி பூட்டி வை மொதல்ல"ன்னார்.

அவர் செய்ய வெச்சது இதுதான். மூணு இன்ஜெக்டரையும் கழட்டி, ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊத்துவாங்களே அந்த மெல்லிசு ஆயிலையும் டீசலையும் பாதிக்கு பாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டர்லயும் ஊத்தி, துணியால மூடிட்டு வீட்டுக்கு போயிடணும். தெனமும் வந்து டார்ச் அடிச்சு பாக்கணும், எதுல மட்டம் எறங்குதோ அதுல கொஞ்சம் ஊத்தணும். எறங்காம அப்படியே நிக்கிறது எதுவோ, பெரும்பாலும் அதுதான் பிடிச்ச சிலிண்டர். அப்புறம் இன்ஜினை ஸ்டார்ட் பண்ற செல்ஃப் மோட்டாரை கழட்டினா அந்த ஓட்டைல கிராங்கோட சுத்துற பிளைவீல் சக்கரத்து பல்லு தெரியும், அதுல ஒரு கம்பியை கொடுத்து நெம்பணும். பலத்தை காட்டக்கூடாது, ரெண்டு பக்கமும் சும்மா அழுத்தி அழுத்தி விடணும், ஒரே பக்கமா நெம்பினா துரு மேல துரு சேந்து இன்னும் இறுகும்னு சொல்வார். எட்டு நாள் ஒண்ணும் நடக்கல. எனக்கு செயின் ஞாபகம் வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். பதினோராம் நாள் காலைல கம்பியை அழுத்தினப்ப கைல ஒரு மெத்துன்னு உணர்வு, பல்லுல சாக்பீஸால போட்டு வெச்ச கோடு ஒரு பல்லு தள்ளி நின்னுச்சு. சத்தமே இல்ல. அன்னைக்கு பூரா அந்த ஒரு பல்லுக்குள்ளயே முன்னையும் பின்னையும், மறுநாள் மூணு பல்லு, அதுக்கு மறுநாள் முழு சுத்து.

முழு சுத்து வந்துடுச்சுன்னு உடனே செல்ஃப் அடிக்காதீங்க. வால்வுக்கு மேல மூடியிருக்கிற ராக்கர் கவரை கழட்டி கையால சுத்திகிட்டே ஆறு வால்வும் எறங்கி ஏறுதான்னு பாக்கணும், எது எறங்கினது ஏறலையோ அதுக்கு ஆயில் விட்டு மரச்சுத்தியால லேசா தட்டணும். இன்ஜின் அடில இருக்கிற சம்ப் ஆயிலை மாத்தணும், ஊத்தினதெல்லாம் அங்கதான் வந்திருக்கும், பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம். இன்ஜெக்டர் மாட்டாமயே செல்ஃப் அடிச்சா மிச்ச ஆயில் ஓட்டை வழியா வெளிய பீச்சும், மூஞ்சியை கிட்ட கொண்டு போகாதீங்க. ஆயில் கேஜ் முள்ளு ஏறுற வரைக்கும் அப்படியே விட்டு விட்டு அடிக்கணும். இவ்வளவு நாள் காஞ்சு கிடந்த பேரிங்குக்கு அதுதான் முதல் சொட்டு ஆயில். இழுத்து ஸ்டார்ட் பண்றப்ப இந்த எதுவுமே நடக்காது சார், காஞ்ச பேரிங் நேரா வேகமெடுக்கும்.

டீசல் பக்கம் வந்தா, டேங்க்ல இருக்கிற பழசை முழுசா கொட்டிடணும், அடில சேறு மாதிரி இருக்கும். ஃபில்டர் புதுசு. டீசல் லைன்ல மாட்டின காத்தை வெளிய விடறது, அதான் ஏர் எடுக்கறது, வரிசையா போகணும், மொதல்ல ஃபில்டர் மேல இருக்கிற ஸ்க்ரூவை லூஸ் பண்ணி கை பம்ப் அடிச்சு குமிழி நிக்கிற வரைக்கும், அடுத்து பம்ப்ல இருக்கிற ஸ்க்ரூ, கடைசியா இன்ஜெக்டர் நட்டை லூஸ் பண்ணிட்டு செல்ஃப். இன்ஜெக்டர் பீச்சுதான்னு கையை வெச்சு பாக்கிற ஆளுங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம், அந்த பிரஷருக்கு டீசல் தோலை குத்தி உள்ளயே போயிடும், மேல பாத்தா ஊசி குத்தின மாதிரிதான் தெரியும் ஆனா விரலையே எடுக்கிற நிலைமை வந்துடும்.

எல்லாரும் விட்டுடற இன்னொரு விஷயம், நின்ன வண்டியோட பம்ப்ல பழைய டீசல் பிசின் மாதிரி காஞ்சிருக்கும். உள்ள டீசல் அளவை கட்டுப்படுத்துற பாகம் ஃபுல் டீசல் நிலைமைலயே ஒட்டிக்கிச்சுன்னா ஸ்டார்ட் ஆனதும் இன்ஜின் தறிகெட்டு வேகமெடுக்கும், ஸ்டாப் கேபிளை இழுத்தாலும் நிக்காது. இந்த மாதிரி பழைய டீசல் இன்ஜினுக்கு சாவியை திருப்பி கரண்டை கட் பண்ணி நிறுத்துற கதையெல்லாம் இல்ல, காத்தை அடைச்சாதான் உடனே நிக்கும். அதனால அந்த அய்யா ஏர் கிளீனர் ஹோஸை கழட்டிட்டு, தடியான பலகை ஒண்ணை என் கைல கொடுத்து காத்து போற வாய் பக்கத்துல நிக்க வெச்சார், கையால மூடக்கூடாது, துணியால மூடினா உள்ள இழுத்துக்கும், பலகைதான். அன்னைக்கு அது தேவைப்படல, ரெண்டாவது சுத்துலயே ஸ்டார்ட் ஆகி அமைதியா ஓடுச்சு, நான் மட்டும் பலகையை மார்போட அணைச்சுகிட்டு அஞ்சு நிமிஷம் நடுங்கிட்டே நின்னேன். இப்ப இதையே இன்னொரு வண்டி இழுத்துட்டு போற நிலைமைல யோசிச்சு பாருங்க, மேல ஒருத்தர் உக்காந்திருக்கார், இன்ஜின் தறிகெட்டு கத்துது, முன்னாடி செயின், பலகையோட யாரு ஓடி வர்றது?

கட்டி இழுக்கிற வண்டிக்கும் ஆபத்து உண்டு. செயினை கீழ பின்பக்கம் இழுக்கிறதுக்குன்னே இருக்கிற டிராபார்ல போடாம வசதிக்கு மேல எங்கயாவது கட்டினா, ஜாம் ஆன வண்டி அசையாம நிக்கிறப்ப இழுக்கிற வண்டியோட முன் சக்கரம் தூக்கி பின்னால மல்லாந்துடும். பழைய டிராக்டர்ல ஆளை காப்பாத்துற ரோல் பார் எல்லாம் கிடையாது.

இன்னொரு சின்ன திருத்தம். 35 டீசல்னாலே பெர்கின்ஸ்னு எழுதியிருந்தீங்க. 1959ல தான் அந்த மூணு சிலிண்டர் பெர்கின்ஸ் வந்துச்சு, அதுக்கு முன்னாடி வந்த 35 டீசல்ல இருந்தது ஸ்டாண்டர்டு கம்பெனியோட நாலு சிலிண்டர் 23சி, குளிர்ல ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறதுக்கே பேர் போன இன்ஜின். பெர்கின்ஸ் 152 கியூபிக் இன்ச், அதாவது ரெண்டரை லிட்டர், அதே குடும்பத்து இன்ஜின் பின்னாடி வந்த மாஸ்ஸி ஃபெர்குசன் 135லயும் போட்டதால பார்ட்ஸ் இன்னைக்கும் சுலபமா கிடைக்குது. ஆனா பெர்கின்ஸ் பார்ட்ஸும் 23சி பார்ட்ஸும் ஒண்ணுக்கொண்ணு சேராது. உங்க கட்டுரையை நம்பி ஒருத்தர் பெர்கின்ஸ் கேஸ்கெட் செட் வாங்கிட்டு வந்து பிரிச்சா ஓட்டையே ஒத்து வராது. இன்ஜெக்டரை எண்ணுங்க, மூணா நாலா, அவ்வளவுதான், பத்து செகண்ட் வேலை.

பெயிண்ட் பத்தி அரை பக்கம் எழுதியிருக்கீங்க, நான் ஒரு வரில முடிச்சுக்கறேன்: கடைசியில அடிங்க. நான் முதல்லயே அடிச்சேன், ஏர் எடுக்கறப்ப வழிஞ்ச டீசல் சாம்பல் கலர் பெயிண்டை தோல் உரிக்கிற மாதிரி உரிச்சிட்டு போயிடுச்சு. பிரேக், கிளட்ச் பிரிக்கிறவங்க மட்டும் அந்த தூசியை கம்ப்ரசர்ல ஊதாம ஈரத்துணில தொடைங்க, அந்த காலத்து லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்துச்சு.

ஒரு திருத்தமாவது போடுங்க சார், சின்ன எழுத்துல இருந்தாலும் பரவாயில்ல, இழுக்கிற அந்த வரியை மட்டும். அப்புறம் உங்க போட்டோல இருக்கிற வண்டி, பெயிண்ட் அடிக்கிறதுக்கு முந்தின போட்டோவை சொல்றேன், திறந்தவெளில நிக்குது, சைலன்சர் வாய் வானத்தை பாத்து ஆன்னு திறந்திருக்கு. அந்த மாதிரி ஒரு வண்டி வெச்சிருக்கிறவங்க இதை படிச்சா, மத்ததெல்லாம் அப்புறம், இப்பவே எழுந்து போயி ஒரு காலி டப்பாவை அது மேல கவுத்துட்டு வந்துடுங்க.

இப்படிக்கு,
ரெண்டு 35ஐ ஒண்ணா ஆக்கி ஓட்டிக்கிட்டு இருக்கிற வாசகன்