புல்மேட்டில் மரக்கன்று நட வேண்டாம்: நீலகிரி ஆட்சியருக்கு ஒரு மனு

அனுப்புநர்: உதகை வட்டாரப் பொதுமக்கள்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்

பொருள்: மலைப் புல்வெளிகளில் மரம் நடுவதை நிறுத்தக் கோருதல் தொடர்பாக

ஐயா / அம்மையீர், வணக்கம்.

ஜூன் பிறந்தாலே எங்கள் பக்கம் மரம் நடும் விழா களைகட்டிவிடும். நல்ல எண்ணம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் குழி தோண்டும் இடம் பல நேரம் திறந்து கிடக்கும் புல்மேடு. மரம் இல்லையே, தரிசு போல என்று நினைத்துவிடுகிறார்கள்.

அது தரிசே இல்லை. மலை உச்சிப் பகுதியில் சோலைக்காடு பள்ளத்தாக்கு மடிப்புகளில் ஒடுங்கி நிற்கும், சரிவு முழுக்கப் புல்தான் இருக்கும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் சோலை மரக்கன்று வெட்டவெளியில் பிழைப்பது கஷ்டம். நீலகிரி நெட்டைக்காலி என்ற குருவி இந்தப் புல்லை நம்பித்தான் வாழ்கிறது. மழை விட்டு ரொம்ப நாள் ஆன பிறகும் மேட்டின் அடியிலுள்ள சதுப்பில் கால் வைத்தால் நீர் கசியும். பவானிக்கும் பைக்காராவுக்கும் தண்ணீர் அப்படித்தான் சேர்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் விறகுக்கென்று கொண்டுவந்த கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்) இந்தப் புல்வெளியில் பெரும்பகுதியை ஏற்கெனவே விழுங்கிவிட்டன. சீகையை வெட்டினாலும் விட்டபாடில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல்லாண்டு உயிரோடு கிடக்கும், வெட்டிய இடத்தில் வெயில் பட்டால் போதும், அடுத்த மழைக்குக் கீரைப் பாத்தி மாதிரி நெருக்கமாக முளைத்து நிற்கும்.

2022-ல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்ற அரசே கொள்கை வெளியிட்டது. அதே ஆண்டு நீலகிரி வரையாடு திட்டத்துக்குச் சுமார் 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. புல்வெளியில் மேயும் அந்த வரையாடோ இந்த மாவட்டத்தில் முக்கூர்த்திப் பக்கம் ஒதுங்கிவிட்டது. ஒரு கையால் புல்லை மீட்டு, மறு கையால் அதில் குழி தோண்டினால் எப்படி?

எனவே, புல்மேட்டில் எந்த மரமும் நடக்கூடாது என்று எல்லாத் துறைகளுக்கும் உத்தரவிடுங்கள், அது உள்ளூர்ச் சோலை மரமாகவே இருந்தாலும் சரி. சீகை வெட்டிய இடங்களில் முளைக்கும் கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்கவும், உள்ளூர்ப் புல் வகைகளுக்கு நாற்றங்கால் போடவும் நிதி வேண்டும், வெட்டுகிற கூலியோடு வேலை முடிவதில்லை. அப்புறம், கூடலூரின் ஈரக்காடு வேறு, மசினகுடி, சிகூர் பக்கத்து முட்புதர்க்காடு வேறு. மாவட்டம் முழுக்க ஒரே நாற்றுப் பட்டியல் சரிப்படாது.

அடுத்த நடவுப் பருவத்துக்கு முன்பே உத்தரவு வந்தால்தான் பயன். எடுத்த நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உதகை வட்டாரப் பொதுமக்கள்