வாட் பார்த்து ஜூஸர் வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்கு ஏற்ற ஜூஸர் எது என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைக் கைபேசியில் படித்தேன். நான் ரங்கூனில் மின்விசிறி, மிக்ஸி, தண்ணீர் பம்பு மோட்டார்களுக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டுகிறவன். 'வாட் கூடக் கூட நல்லது' என்று கட்டுரையில் இருந்ததே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்கள் ஊரில் அது ஓரளவு செல்லலாம். எங்களுக்குச் சரிவராது.

பெட்டியில் போட்டிருக்கும் வாட், மெஷின் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்ற கணக்குதான். சாறு எவ்வளவு வரும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. வேகமாகச் சுற்றுகிற ஜூஸரில் சல்லடை நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்குப் பக்கமாக ஓடிப் பழத்தைச் சீவிச் சக்கையை வெளியே தள்ளும். 400 முதல் 1,000 வாட் வரை இழுக்கும். ஸ்லோ ஜூஸரில் ஒரு திருகு நிமிடத்துக்கு 40 முதல் 80 சுற்றில் பழத்தை நசுக்கும். 150 முதல் 250 வாட்டே போதும். சக்கையைக் கையில் எடுத்துப் பிழிந்து பாருங்கள், இதில்தான் ஈரம் குறைவாக இருக்கும்.

ஜூஸ் ஆசை வருவது ஏப்ரல் வெயிலில். ஆற்றில் தண்ணீர் குறைந்து, நீர்மின்சாரம் படுத்துவிடுவதும் அப்போதுதான். கரண்ட் முறைவைத்து வரும், போகும். பல வீடுகளில் பேட்டரியும் சின்ன இன்வெர்ட்டரும்தான் துணை. அதில் 800 வாட் ஜூஸரைப் போட்டால், ஓட ஆரம்பிக்கும்போதே இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றுவிடும். ஸ்லோ ஜூஸர் ஓடும். எலுமிச்சை, ஆரஞ்சு மட்டும் பிழிகிற சின்ன மெஷினுக்கு 25 முதல் 40 வாட் போதும், அது தாராளமாக ஓடும். கரண்ட் இருக்கும்போதும் வோல்டேஜ் இறங்கிக் கிடந்தால் ஹை ஸ்பீடு மோட்டாரின் வேகம் குறையும். அதோடு மோட்டாரைக் குளிர்விக்க உள்ளே இருக்கும் விசிறியும் மெதுவாகிவிடும். அந்த நேரம் பார்த்து கேரட்டை அழுத்தித் திணித்தால் காயில் கருகி என் மேசைக்கு வந்து சேரும்.

இன்னொரு சங்கதி எங்கள் ஊருக்கே உரியது. ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான் கடைகள் இங்கே நிறைய. அங்கே ஜூஸர் பளபளவென்று இருக்கும், விலையும் சல்லிசு. ஆனால் அது 100 வோல்ட் மெஷின், நம் வீட்டு பிளக்கில் வருவது 230. நேராகச் செருகினால் ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான். வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் ஓட்ட வேண்டும், அதுவும் மெஷினின் வாட்டைவிடப் பெரியதாக. அந்த விலையையும் சேர்த்துக் கூட்டினால் புதிதே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். தாய்லாந்து, சீனச் சரக்குக்கு இந்தத் தொல்லை இல்லை, அவை 220 வோல்ட். எதற்கும் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

'மோட்டார் போச்சு' என்று கொண்டுவரும் ஜூஸர்களில் பாதிக்கு மேல் காயில் நன்றாகவே இருக்கும். மோட்டாருக்குள் ஈரம் போகாமல் தடுக்கும் ரப்பர் வளையம், அதுதான் ஆயில் சீல், தேய்ந்து சாறு உள்ளே இறங்கியிருக்கும். பழச் சர்க்கரை பேரிங்கில் காய்ந்து வெல்லப்பாகு போல் கெட்டியாகிவிடும். அப்புறம் மோட்டார் எப்படிச் சுற்றும்? அடிப்பாகத்தைக் குழாயடியில் காட்டிக் கழுவுகிறவர்களும் உண்டு. அவர்களிடம் சொல்லிப் பயனில்லை, காசு வாங்கிக்கொண்டு பேரிங் மாற்றிக் கொடுத்துவிடுவேன்.

கட்டுரை சொன்ன 'சூட்டில் சத்து போய்விடும்' என்ற பயமும் எனக்கு இல்லை. ஒரு டம்ளருக்கு மெஷின் ஒரு நிமிடம்கூட ஓடுவதில்லை, அதற்குள் சாறு அப்படியொன்றும் சூடாகிவிடாது. பிழிந்த உடனே குடித்தால் சரி.

என்னைக் கேட்டால், தினமும் எந்தப் பழம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். தர்பூசணி, பப்பாளிக்கு மிக்ஸியும் ஒரு வடிகட்டியும் போதும், ஜூஸரே வேண்டாம். எலுமிச்சை, ஷான் மலை ஆரஞ்சு என்றால் கையால் அழுத்துகிற இரும்பு பிழிவான் இருக்கிறது. அதற்குக் கரண்ட்டும் வேண்டாம், நானும் வேண்டாம். ரொம்ப அழுத்தித் தோல் எண்ணெய் இறங்கினால் மட்டும் கசக்கும். கேரட், பீட்ரூட், நெல்லிக்காய் என்று தினமும் குடிக்கிற வீட்டுக்குத்தான் ஸ்லோ ஜூஸர். அன்னாசியையும் இஞ்சியையும் நாருக்குக் குறுக்கே நறுக்கிப் போடுங்கள், இல்லையென்றால் நார் திருகில் சுற்றிக்கொள்ளும். ஒரு பெரிய டம்ளர் ஆரஞ்சுச் சாற்றில் 20 கிராம் அளவுக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரை வியாதிக்காரர்கள் மெஷின் வாங்குவதற்கு முன்பே டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஸ்லோ ஜூஸரிலும் குறை இருக்கிறது. திருகு பிளாஸ்டிக். கொட்டையோடு பழத்தைப் போட்டால் விரிசல் விடும், இங்கே தனியாகக் கிடைப்பது கஷ்டம். ஹை ஸ்பீடு மோட்டாரில் உரசித் தேய்கிற கார்பன் துண்டோ எந்தக் கடையிலும் இருக்கும். உங்கள் கட்டுரையில் விலை, வாட், நிறம் எல்லாம் கட்டம் போட்டுக் கொடுத்திருந்தீர்கள். அடுத்த முறை திருகும் சல்லடையும் தனியாக விற்பனைக்கு உண்டா, சல்லடையைத் தேய்த்துக் கழுவ எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று இரண்டு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் மெக்கானிக் ஒருவர்,
ரங்கூன்